ஒன்பதாவது மணி: கைக்குழந்தைக்குப் பொம்மை வாங்குகிறவர்களுக்கு

போன ஆடியில் ஒரு சாயங்காலம். என் மகளுக்கு அப்போது ஆறரை மாதம். கூடத்தில் பாய் விரித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்திருந்தேன். கையில் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கிலுகிலுப்பை. அதைத் தரையில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு முறை ஓங்கித் தட்டினாள், அவ்வளவுதான், ஒட்டுப்போட்ட இடம் வாய் பிளந்து உள்ளே இருந்த மணிகளெல்லாம் கூடம் முழுக்கச் சிதறி ஓடின. நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் இரண்டு மணி அவள் மடியில், ஒன்று கையில். வாய்க்குள் ஏதாவது போயிருக்குமா? தெரியவில்லை. அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டார். நான் டார்ச் அடித்து அலமாரிக்கு அடியில், கதவு இடுக்கில், பாய் மடிப்பில் எல்லாம் தேடினேன். எட்டு மணி கிடைத்தது. மொத்தம் எத்தனை இருந்தது என்பது யாருக்குத் தெரியும்?

நல்லவேளை, அந்தக் கிலுகிலுப்பை ஒரே கவரில் ஜோடியாக வந்தது. இன்னொன்றைப் பின்கட்டுக்கு எடுத்துப் போய் அம்மிக் குழவியால் உடைத்து எண்ணினேன். ஒன்பது.

அடுத்த அரை மணி நேரம் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், மூச்சும் சாதாரணமாக இருந்தது, ஆனாலும் டாக்டரிடம் கிளம்பலாம் என்று முடிவு செய்து, வியர்த்துப்போயிருந்த சட்டையை அத்தை மாற்றப் போனபோது உள்ளேயிருந்து அந்த ஒன்பதாவது மணி விழுந்தது. பச்சை நிறம். கொண்டைக்கடலை அளவு.

அன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு வீட்டில் இருந்த அத்தனை பொம்மைகளையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே என் கண்ணுக்குப் பிடித்ததால் வாங்கியவை. கலர் நன்றாக இருக்கிறது, முகம் அழகாக இருக்கிறது, விலையும் தோதாக இருக்கிறது. ஆனால் அவள் எந்தப் பொம்மையையும் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. கையில் எடுத்த அடுத்த நொடி வாய்க்குப் போகிறது. அந்த வயதில் உதடும் நாக்கும்தான் விரல் நுனியைவிட நன்றாக வேலை செய்கின்றன, எது வழவழப்பு, எது சொரசொரப்பு, எது கடினம், எது மெத்து என்று வாயால்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் "வாயில வைக்காதே, சீ" என்று பிடுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாயில் வைக்கத்தான் போகிறாள். வைக்கலாமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்.

முதலில் அளவு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் கூடங்களில் ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள், அதன் உள்விட்டம் 31.7 மி.மீ. பொம்மையோ, அதிலிருந்து கழன்று வரும் எந்தத் துண்டோ அந்த உருளைக்குள் முழுசாக அடங்கிவிட்டால் அந்தப் பொம்மை தேறாது. நம் பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ. அப்படியென்றால் அந்த நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் பொருள்கூட ஆபத்துதான். நான் இப்போதெல்லாம் கடைக்குப் போகும்போது பர்ஸிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன், இரண்டு மடங்காவது இருந்தால்தான் எடுப்பது. பந்து என்றால் இன்னும் பெரிதாக வேண்டும், ஏனென்றால் உருண்டையானது தொண்டையில் போய்க் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும், மூச்சுக்கு இடுக்கே விடாது. சாத்துக்குடி அளவாவது இருக்கட்டும்.

அப்புறம் கையால் சோதிப்பது. துணிப் பொம்மையின் கண்ணை, மூக்கை நகத்தால் நெம்பிப் பார்ப்பேன். பட்டன் கண் வேண்டவே வேண்டாம், நூலால் தைத்த கண் போதும். தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் உள்ளே பஞ்சு தெரிகிறதா? பிளாஸ்டிக் என்றால் ஒட்டுப்போட்ட கோட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன், நெகிழ்ந்து கொடுத்தால் அது என் மகள் கையில் பிளக்கும். மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பேன், பெட்ரோல் மாதிரி, புது ரெக்ஸின் மாதிரி நெடி அடித்தால் வைத்துவிடுவேன். சத்தம் போடும் பொம்மையை என் காதோடு ஒட்டிவைத்து அழுத்திப் பார்ப்பேன். எனக்கே காது கூசினால் குழந்தைக்கு எப்படி இருக்கும், அதன் கை குட்டை, பொம்மை எப்போதும் முகத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. கயிறு கட்டிய பொம்மை என்றால் கயிறு ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது, கழுத்தைச் சுற்றிவிடும். ஒரு கடையில் இப்படி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்கார அண்ணன், "என்னம்மா, பொம்மை வாங்க வந்தீங்களா, பிய்க்க வந்தீங்களா" என்று கேட்டார். கிலுகிலுப்பைக் கதையைச் சொன்னேன். அவர் பிறகு தானே உள்ளே போய், மணியே இல்லாமல் வளையங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வரும் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். இப்போதும் அவளுக்கு அதுதான் பிடித்தது.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. குக்கரிலும் ஹெல்மெட்டிலும் தேடுகிறோம், பிள்ளை கடிக்கிற பொருளில் தேடுவதில்லை. அட்டைப்பெட்டியில் முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்ற தர எண் இருக்க வேண்டும், பேட்டரி, மின்சாரத்தில் ஓடும் பொம்மை என்றால் ஐ.எஸ். 15644. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு அந்த உரிமம் என்று காட்டும். சும்மா முத்திரையை மட்டும் அச்சடித்துவிடுகிறவர்களும் உண்டு என்பதால் எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஒரு நிமிட வேலை. நடைபாதைக் கடைகளில், திருவிழாவில் விற்பவற்றில் பெரும்பாலும் இதெல்லாம் எதுவும் இருக்காது. அந்த வியாபாரிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் மொத்தக் கடையில் வாங்கி வந்து விற்கிறவர்கள்தான், ஆனால் ஒரு வயது வரைக்கும் அங்கே வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பெட்டியில் வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் போட்டு, மேலே சிவப்புக் கோடு அடித்திருக்கும் பார்த்திருப்பீர்கள். மூன்று வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள் என்று அர்த்தம். "எங்க பிள்ளை சூட்டிகை, இப்பவே விளையாடும்" என்று அதை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது புத்திக்கான வயது இல்லை, தொண்டைக்கான வயது. உள்ளே சின்னத் துண்டுகள் இருக்கின்றன என்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது.

இனி, கடையில் பொம்மை என்று விற்காத, ஆனால் வீட்டில் குழந்தை கைக்கு எட்டும் பொருட்கள். எனக்குப் பெரிய பயமே இவைதான். வசம்பு வளையல் கட்டுவது எங்கள் வீட்டிலும் வழக்கம். நூலில் கோத்த வசம்புத் துண்டை அவள் நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே இருப்பாள், எச்சிலில் ஊறி ஊறி நூல் இற்றுப்போய்விடும். கருப்பு மணி கோத்த கைக்கயிறும் கொலுசில் இருக்கிற சலங்கை மணியும் அதே கதைதான். அத்தையிடம் இதைச் சொல்லத் தயங்கினேன், ஆனால் ஒன்பதாவது மணிக்குப் பிறகு அவரே கத்தரிக்கோலை எடுத்து வளையலை வெட்டிவிட்டு, திருஷ்டிக்குக் கன்னத்தில் மையோடு நிறுத்திக்கொண்டார். சொப்புச் சாமான்: கொஞ்சம் வளர்ந்துவிட்ட என் அக்கா பிள்ளைகள் விளையாடும் அந்தக் குட்டி அடுப்பும் குட்டிக் குடமும் பார்க்க எவ்வளவு அழகு, ஆனால் பாதிக்கு மேல் அந்த உருளைக்குள் அடங்குபவை. அவர்கள் விளையாடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மேலே வைக்கிறோம்.

பலூன். முதல் பிறந்தநாள் என்றாலே வீடு முழுக்கப் பலூன்தான், இல்லையா? வெடித்த பலூனின் ரப்பர்த் துண்டை உறிஞ்சிவிட்டால் அது தொண்டையில் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், எடுப்பது மிகவும் கஷ்டம். மேலே கட்டினாலும் ராத்திரி ஒன்று வெடித்துத் துண்டு கீழே விழுந்து கிடக்கும். காகிதத் தோரணம் கட்டுங்கள், மாவிலை கட்டுங்கள்.

பட்டன் பேட்டரி பற்றி ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, விளக்கெரியும் மோதிரம், சில ரிமோட்டுகள், எடைபார்க்கும் இயந்திரம், எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 20 மி.மீ. லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அந்த இடத்தில் காரம் உண்டாகிச் சதையை அரிக்கும், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே மோசமான புண்ணாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காந்தமும் அப்படித்தான், இரண்டு காந்தம் போனால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டால் உப்பும் அந்த ஜெல்லி உருண்டைகள் வயிற்றுக்குள்ளும் உப்பும். பேட்டரி பொம்மை வீட்டுக்கு வந்தால் பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்கிறதா என்று பாருங்கள், கை நகத்தால் திறக்க முடிந்தால் அது வேண்டாம்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஏதாவது அடைத்து, அழவும் இருமவும் முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அடுத்த தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்வாக இருக்க, தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை அல்லது 108 வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், குழந்தை நினைவிழந்தால் உடனே சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவி, தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடும். அன்று நான் பதற்றத்தில் விரலை விட்டிருப்பேன். இதை அம்மாக்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எல்லாரும் ஒரு தடவை துணிப் பொம்மையை வைத்துச் செய்து பழக வேண்டும். எங்கள் வீட்டில் மாமாவும் பழகினார்.

சரி, ஆபத்தில்லாத பொம்மை கிடைத்துவிட்டது. அது குழந்தைக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே.

"மூளை வளர்ச்சிக்கு" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நான் படிப்பதை விட்டுவிட்டேன். குழந்தை அந்த மாதத்தில் என்ன செய்ய முயல்கிறது என்று பார்த்தால் அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. நம் பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் இதைத்தான் பருவம் பருவமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கைகொட்டுவது. வருடம் திரும்பும்போது வருகை, தளர்நடை. பெற்றவர்கள் உட்கார்ந்து கவனித்ததைத்தான் புலவர்கள் பாட்டாக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பிறந்த புதிதில் ஒரு சாண் தூரம்தான் தெளிவாகத் தெரியும், அதனால் முதல் இரண்டு மாதம் பொம்மையே வேண்டாம், என் முகம் போதும், கூடவே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு துணி. மூன்று நான்கு மாதத்தில் கை நீட்டத் தொடங்கினாள், அப்போது லேசாக, விரல் உள்ளே போகிற மாதிரி வளையம். ஆறு மாதத்தில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது வந்தது. எட்டு ஒன்பதில் எல்லாவற்றையும் கீழே போடத் தொடங்கினாள். உட்காரும் நாற்காலியிலிருந்து எவர்சில்வர் டம்ளரைப் போடுவாள், எட்டிப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். எடுத்துக் கொடுத்தால் திரும்பப் போடுவாள். மரக்கரண்டி விழும் சத்தம் வேறு, டம்ளர் விழும் சத்தம் வேறு, துணிப் பந்து விழுந்தால் சத்தமே இல்லை. துணிப் பந்து விழுந்தபோது ஒரு நாள் அவள் காத்திருந்தாள், சத்தம் வரும் என்று புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள், வரவில்லை. உடனே டம்ளரை வாங்கிப் போட்டாள். வந்தது. மறுபடி பந்து. அன்று அந்த ஒரு விளையாட்டு இருபது நிமிஷம் போயிற்று, அதில் காசு கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் இல்லை, பந்துகூடப் பழைய சேலையைச் சுருட்டி நான் தைத்தது.

அதே வாரத்தில்தான் அவளுடைய சித்தப்பா பெரிய பெட்டி ஒன்று அனுப்பியிருந்தார். பொத்தானை அழுத்தினால் மாடு கத்தும், பாட்டு வரும், ஆங்கிலத்தில் எண் சொல்லும். அன்போடு அனுப்பியது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அவள் உட்காரும்போது வீடு மாறிவிடுவதைக் கவனித்தேன். பொம்மை பேசிக்கொண்டே இருக்கும், நான் பேசாமல் இருப்பேன், அவளும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அமெரிக்காவில் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் 10 முதல் 16 மாதம் வரையுள்ள குழந்தைகளையும் பெற்றோரையும் வைத்து, 26 ஜோடிகள், இதைச் சோதித்திருக்கிறார்கள். பேசும் மின் பொம்மையோடு விளையாடியபோது பெற்றோர் பேசிய சொற்களும் குறைந்தன, குழந்தை குரல் கொடுத்ததும் குறைந்தது, படப் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது சொற்கள் அதிகமாக வந்தன. படித்தபோது என் கூடத்தை எட்டிப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. பொம்மையைத் தூக்கிப் போடவில்லை. பேட்டரியை எடுத்துவிட்டேன். இப்போது பொத்தானை அவள் அழுத்துவாள், மாடு மாதிரி நான் கத்துவேன்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் என்பதால் தலையாட்டி பொம்மை வீட்டில் இல்லாமல் இருக்குமா? புவிசார் குறியீடு வாங்கிய பொம்மை, என் அப்பா பிரியமாக ராஜா ராணி ஜோடி வாங்கி வந்தார். மண்ணும் காகிதக் கூழும் மேலே வர்ணமும், வாயில் வைக்கிற பொருள் இல்லை அது. அதனால் எங்கள் வீட்டில் பார்க்கிற பொம்மை, கடிக்கிற பொம்மை என்று இரண்டு வகை வந்துவிட்டது. ராஜாவும் ராணியும் அலமாரியில். நான் தட்டிவிட்டால் அவை சாய்ந்து சாய்ந்து நிமிரும், அவளும் அதோடு சேர்ந்து தலையை ஆட்டுவாள். கடிக்கிற வகையில் அம்மாவின் மரப்பாச்சி, செஞ்சந்தனம், வர்ணம் எதுவும் இல்லாதது, ஓரங்கள் மூன்று தலைமுறை கை பட்டு மழுங்கியது, விரிசல் இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் கர்நாடகத்துச் சன்னப்பட்டணத்து மர வளையம். அங்கே கடைசலில் மரம் சுழலும்போதே அரக்கை அழுத்தி நிறம் ஏற்றுவார்கள். இயற்கைச் சாயம்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய பெயின்ட் உரிந்த மரப் பொம்மையை மட்டும், எவ்வளவு ஆசைப்பட்ட பாட்டியின் பொருளாக இருந்தாலும், கொடுக்காதீர்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஈயம் மூளையைப் பாதிக்கும்.

குளிக்கும்போது பிடித்து அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் வாத்தை வெட்டிப் பார்த்தேன், உள்ளே கறுப்பாகப் பூசணம். அடியில் ஓட்டையில்லாத வாத்து இருந்தால் வாங்குங்கள். தூங்கும் இடத்திலும் தூளியிலும் ஒரு வயது வரை துணிப் பொம்மை எதுவும் வேண்டாம், முகத்தை மூடிவிடும்.

இப்போது தை வருகிறது, முதல் பிறந்தநாள். என் தம்பி, தாய்மாமன் என்ற முறையில், என்ன வாங்கட்டும் அக்கா என்று கேட்டான். சக்கர வாக்கர் வாங்கிவிடுவானோ என்று பயந்து நானே முந்திக்கொண்டேன். நடுவில் குழந்தையை உட்கார வைத்து ஓடவிடும் அந்த வாக்கரை கனடாவில் 2004இலேயே தடை செய்துவிட்டார்கள், படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் அத்தனை பேர். அது நடக்கவும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கு வேண்டியது நடைவண்டி, மூன்று சக்கரம் வைத்த நம் பழைய மர நடைவண்டி, தானாக எழுந்து நிற்கிற பிள்ளை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போவது. அவள் இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறாள்.

தம்பி தெருக்கோடி ஆசாரியிடம் சொல்லிவிட்டான். நானும் போய்ப் பார்த்தேன். ஆணித் தலை எங்கேயும் வெளியே தெரியக் கூடாது, சக்கரம் லேசாக இறுக்கமாக ஓட வேண்டும், இல்லையென்றால் வண்டி முன்னால் ஓடிப் பிள்ளை முகங்குப்புற விழும் என்று அவரே சொன்னார். வர்ணம் வேண்டாம் என்றேன். "பிள்ளை சாமானுக்கு வர்ணம் இல்லாம எப்படிம்மா?" என்று அவருக்கு மனசே வரவில்லை. பிடியைக் கடிப்பாள் ஐயா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நைசான உப்புக்காகிதத்தைக் கட்டையில் தேய்த்துக் காட்டி, என் விரலைப் பிடிக்கு மேல் ஓடவிடச் சொன்னார். கன்னம் மாதிரி இருந்தது. நெஞ்சு உயரத்துக்கு நூல் பிடித்து அளந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் காலையில் அவள் சுவரைப் பிடித்து நிற்கும்போது அளக்க வேண்டும்.